விளக்கைப் போட்டால் தெரியும்

எதிர்வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்று கேட்காமல் நான் எந்த ஜன்னலுக்கும் வெள்ளி பிலிம் ஒட்டுவதில்லை. கறுப்பு பிலிம் என்றால் கேட்க மாட்டேன். அது யாரையும் ஒன்றும் செய்யாது. வெள்ளி அப்படி இல்லை. பகலில் வெளியே நின்று பார்த்தால் அது சுத்தமான முகக்கண்ணாடி. எதிர்வீட்டு வாசலை அப்படியே அந்த வீட்டுக்குத் திருப்பிக் காட்டும். ஈப்போவில் எங்கள் சீன ஆட்களுக்குச் சண்டை போட அது ஒன்று போதும். உன் வீட்டுக்கு வருகிற பீடையையெல்லாம் என் வாசலில் தள்ளிவிடுகிறாயா என்று வந்து நிற்பார்கள். நியாயம்தான். என் வீட்டுக்கு எதிரே எவனாவது அப்படி ஒட்டினால் நானும் சும்மா விடமாட்டேன்.

பிலிம் ஒட்டக் கூப்பிட்ட யாப்பிடமும் கேட்டேன். எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் சொல்லியாகிவிட்டது, அவளுக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லையாம் என்று சிரித்த முகத்தோடு சொன்னான். பச்சைப் பொய். அவன் சொன்ன பொய்களிலேயே அதுதான் சின்னது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு என்னால் கதை சொல்ல முடியாது. அவன் என்னிடம் வாங்கியது வெயிலுக்கு மறைப்பு இல்லை. பெண்டாட்டியை அடிப்பதற்கு ஒரு மறைப்பு. லாய் குவான் என்கிற அந்தப் பெண் அந்த வீட்டிலிருந்து உயிரோடு வெளியே வருவாளா மாட்டாளா என்பது நான் என் கையால் ஒட்டிய ஒரு பிலிமை நம்பிக் கிடந்தது. அது எனக்குத் தெரியவே தெரியாது.

என் பெயர் சூய் பெங். நானும் என் புருஷன் ஹோன் மெங்கும் சேர்ந்துதான் இந்தத் தொழில் செய்கிறோம். வேனில் ஏணி, பிலிம் சுருள், சோப்புத் தண்ணீர் பாட்டில், பிளேடு. அவ்வளவுதான் எங்கள் கடை. அவர் அளப்பார், வெட்டுவார். ஒட்டுவது நான். பேசுவதும் நான்தான். அவர் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை நான் ஒரு ஜன்னலைத் துடைத்து முடிப்பதற்குள் பேசிவிடுவேன்.

யாப்பின் வீடு வரிசையில் கடைசி. மேற்குப் பார்த்தது. பக்கத்து வீடு விற்பனைப் பலகை மாட்டிப் பூட்டிக் கிடந்தது. சாயங்கால வெயில் கீழே ஹாலில்தான் வந்து கொட்டும், சோபாத் துணி ஒரு பக்கம் வெளுத்தே போயிருந்தது. ஆனால் அவன் முதலில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது மாடிப் படுக்கையறை ஜன்னலை. நான் வழக்கம்போல என் விளக்குப் பெட்டியைத் திறந்து வைத்தேன். சூடு கக்குகிற சிவப்பு பல்பு ஒன்று இருக்கும். அதற்கு முன்னால் விதவிதமாக பிலிம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றி வைப்போம். வாடிக்கையாளர்கள் கையை நீட்டிப் பார்த்து, அட, சூடே தெரியவில்லையே என்பார்கள். பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும்.

இவன் கையை நீட்டவே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியுமா என்று கேட்டான். தெரியாது என்றேன். கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தாலும் தெரியாதா என்றான். மாடி ஜன்னலில் எவன் வந்து மூக்கை வைக்கப் போகிறான் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு, தெரியாது பாஸ் என்றேன். சத்தம் வெளியே போவது குறையுமா என்று அடுத்த கேள்வி. நான் சிரித்துவிட்டேன். சூடு குறையும், குறட்டைச் சத்தம் குறையாது என்றேன். அவனும் சேர்ந்து சிரித்தான். நல்ல இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை, வார்த்தைக்கு வார்த்தை மரியாதை. பார்த்தால் எவளும் பெண் கொடுப்பாள்.

ஒட்டுகிற அன்று அவன் கேட்டருகே நின்று போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். ஹோன் மெங் கீழே ஹால் ஜன்னலுக்கு பிலிம் வெட்டிக்கொண்டிருந்தார். மாடியில் நானும் லாய் குவானும் மட்டும். எனக்குக் குடிக்க பார்லித் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். முப்பது வயது இருக்கலாம். ஈப்போவின் அந்தப் புழுக்கத்தில் மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை. தலைமுடியை இழுத்து முடிந்திருந்தாள். நான் கண்ணாடியில் சோப்புத் தண்ணீரை அடித்து, பிளேடால் பழைய பெயின்ட் துளிகளைச் சுரண்டி, பிலிமின் பின்தாளை உரித்து ஈரத்தோடு ஒட்டி, ரப்பர் கட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுவதைக் கண் கொட்டாமல் பார்த்தாள்.

"ராத்திரியிலயும் இப்படித்தான் இருக்குமா அக்கா?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை வாடிக்கையாளர்கள் கேட்பதே இல்லை. ராத்திரி ஆன பிறகுதான் போன் போட்டுத் திட்டுவார்கள். கேட்டாளே என்ற சந்தோஷத்தில் நான் விலாவாரியாகச் சொன்னேன்.

"எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ, அந்தப் பக்கம்தான் கண்ணாடி. பகல்ல வெளிய வெளிச்சம், அதனால தெருவுல நிக்கிறவனுக்கு அவன் மூஞ்சிதான் தெரியும். பொழுது சாஞ்சு நீ உள்ள லைட்டப் போட்டன்னு வச்சுக்கோ, கதை தலைகீழா மாறிடும். தெருவே உன்ன வேடிக்கை பாக்கும். திரைய இழுத்து விட்டுக்கோ."

"எவ்வளவு இருட்டணும்?"

"என்னத்த இருட்ட. எதிர்வீட்டுல வாசல் சாமிக்கு ஊதுவத்தி கொளுத்துற நேரம் ஆனாலே போதும்."

"அப்போ உள்ள இருக்கிறவங்களுக்கு?"

"உனக்கு உன் மூஞ்சிதான் தெரியும். அதனாலதான் பாதிப் பேரு ஏமாந்துபோறாங்க. நம்மள யாரும் பாக்கலன்னு நினைச்சுக்கிட்டு அர டவுசரோட ஆடிக்கிட்டு இருப்பாங்க."

அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே கேட்டைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, இதை அவரிடம் சொல்லாதீர்கள் அக்கா, புதுத் திரைக்கு வேறு செலவா என்று கத்துவார் என்றாள். ஓ, இவன் கஞ்சப் பிசினாறியா என்று நினைத்துக்கொண்டேன். சரி, சொல்லவில்லை என்று கண்ணடித்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் அந்த நிமிஷம் என்ன கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள் என்பது என் மரமண்டைக்கு எங்கே எட்டும்.

ஒட்டி முடித்த பிறகு யாப் என்னை நடுத்தெருவுக்குக் கூட்டிப் போனான். போனில் அவளைக் கூப்பிட்டு ஜன்னலுக்கு நேராக நின்று கையை ஆட்டச் சொன்னான். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். மேகம் தெரிந்தது, எதிர்வீட்டு வாசலில் இருந்த சிவப்புச் சாமி மாடம் தெரிந்தது. உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. இரண்டு கையையும் ஆட்டு என்றான். குதி என்றான். ஆட்டுகிறாளாம், குதிக்கிறாளாம் என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தனக்குத்தானே தலையை ஆட்டிக்கொண்டான். ஆயிரம் ஜன்னல் ஒட்டியிருக்கிறேன், இத்தனை திருப்தியான வாடிக்கையாளனை நான் பார்த்ததில்லை.

அந்த வாரமே பூன் ஆன்ட்டியிடமிருந்து போன் வந்துவிட்டது. எங்கள் வேனில் எழுதியிருந்த நம்பரை அன்றைக்கே குறித்து வைத்திருக்கிறாள். எதிர்வீட்டுக்காரி. எழுபது வயது, தனியாக இருப்பவள், குரல் மட்டும் இருபது வயதுக்காரிக்கு இருப்பது மாதிரி. உன் பிலிம் என் சாமி மூஞ்சியில் நேராக அடிக்கிறது, உனக்கெல்லாம் வீடு வாசல் இல்லையா, நீயெல்லாம் ஒரு பொம்பளையா என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள். எனக்கும் கோபம் வந்தது, ஆனால் அவள் மேல் இல்லை. நேரே போனேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். காசே வேண்டாம், வெள்ளியை உரித்துவிட்டுக் கறுப்பு ஒட்டித் தருகிறேன் என்று யாப்பிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

அவன் கேட்டைக்கூடத் திறக்கவில்லை. என் வீடு, என் ஜன்னல் என்றான். என்னோடு வந்து நின்ற பூன் ஆன்ட்டியைப் பார்த்து அதே மரியாதையான சிரிப்போடு சொன்னான்.

"நல்லா பாத்துக்கோங்க ஆன்ட்டி. இனிமே எங்க வீட்டுக்குள்ள உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

பூன் ஆன்ட்டி அன்றைக்கே கடைக்குப் போய் ஓர் எட்டு மூலைக் கண்ணாடி வாங்கி, அந்த ஜன்னலுக்கு நேராகத் தன் வாசல் நிலையில் மாட்டினாள். வருகிற கெட்டது வந்த வழியே போகட்டும் என்று. அத்தோடு அந்தச் சண்டை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

செத்தவர்கள் பசியோடு தெருவில் அலைகிற பேய் மாதம் பிறந்தது. சீனக் கணக்கில் ஏழாவதான அந்த மாதத்தில் நாங்கள் இருட்டிய பிறகு வேலைக்குப் போவதில்லை. ஹோன் மெங் இருக்கிறாரே, பொழுது சாய்ந்தால் வேனைக்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். அப்படிப்பட்ட ஒரு சாயங்காலம் பூன் ஆன்ட்டி மறுபடி போன் பண்ணினாள். இந்தத் தடவை திட்டவில்லை. அந்தக் குரல் நடுங்கியதைக் கேட்டே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உன் கண்ணாடியில ஒண்ணு வந்து குடியேறிடுச்சு. வந்து உரிச்சு எடுத்துட்டுப் போ. நான் செத்துப்போயிடுவேன் போல இருக்கு."

என்ன ஏது என்று கேட்டால் நேரில் வா என்கிறாள். ஹோன் மெங் வரமாட்டேன் என்றார். வராவிட்டால் நானே வேனை ஓட்டிக்கொண்டு போவேன், எதையாவது கொண்டுபோய் மோதுவேன் என்றேன். வந்தார். வழியெல்லாம் வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. சந்தைப் பக்கம் பேய் மாதக் கூத்துக்கு மேடை போட்டு, ஒலிபெருக்கியில் பாட்டு காதைப் பிளந்தது. பூன் ஆன்ட்டியின் வாசலுக்கு வெளியே சாலை ஓரத்தில் ஒரு கிண்ணம் சோறு, அவித்த கோழி, ஆரஞ்சுப் பழங்கள், தாள் காசு எரித்த சாம்பல். எல்லா வீட்டிலும் வைப்பதுதான். ஆனால் எல்லாரும் அந்த மாதத்தில் ஓரிரண்டு நாள்தான் வைப்பார்கள். இவள் தினமும் வைக்கிறாளாம். அதையும் தெருவைப் பார்த்து வைக்கவில்லை, அந்த மாடி ஜன்னலைப் பார்த்து வைத்திருந்தாள்.

என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மாதம் பிறந்த நாளிலிருந்து, ஊதுவத்தி கொளுத்துகிற நேரம் பார்த்து அந்தக் கண்ணாடிக்குள் ஒரு பெண் வருகிறாளாம். வெள்ளை உடுப்பு, விரித்துப் போட்ட தலை. நேராக இவளைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டிக் கூப்பிடுகிறாளாம். சில நாள் பின்னாலேயே கறுப்பாக ஒன்று வருமாம். அவளை முடியைப் பிடித்து இழுத்துப்போட்டு அடிக்குமாம். அது நரகத்துக் காவலாளி, அவள் என்ன பாவம் பண்ணிச் செத்தாளோ என்றாள். தினமும் சோறு வைத்து, காசு எரித்து, கும்பிட்டு, தாயே, என்னைக் கூப்பிடாதே, உன் வழியில் போய்விடு என்று வேண்டிக்கொள்கிறாளாம்.

ஹோன் மெங் மெல்ல வேன் பக்கம் நகர்ந்துவிட்டார். எனக்கும் பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த வீட்டுப் பெண் எங்கே என்று கேட்டேன். அவள் தெலுக் இந்தானில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம், மாதம் பிறப்பதற்கு முன்பே. யாப்தான் ஆன்ட்டியிடம் சொன்னானாம். அவளைத் தெருவில் பார்த்தே ரொம்ப நாளாகிறதாம்.

அப்போது மாடியில் விளக்கு எரிந்தது.

கண்ணாடி காணாமல் போய்விட்டது. சிவப்பு மாடமும் மேகமும் இருந்த இடத்தில் ஓர் அறை இருந்தது. கட்டில், அலமாரி, சுற்றுகிற மின்விசிறி. திரை இல்லை. ஜன்னலை ஒட்டி ஒரு பெண் வெள்ளை இரவு உடுப்போடு நின்று, கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து ஆட்டினாள். பூன் ஆன்ட்டி என் பக்கத்தில் தொப்பென்று முழங்கால் போட்டாள். ஊதுவத்தியை நெற்றிக்கு நேரே தூக்கிக் கும்பிட ஆரம்பித்தாள்.

ஒரு கண் மூக்கோடு சேர்த்து வீங்கியிருந்தது. இருந்தாலும் அந்த முகத்தை எனக்குத் தெரியும். எனக்குப் பார்லித் தண்ணீர் கொடுத்த முகம்.

பின்னால் கதவு திறந்தது. யாப் வந்தான். அதே இஸ்திரி போட்ட சட்டை. அவன் அவசரப்படவே இல்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரி மேல் வைத்தான். பிறகு அவள் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்தான். இத்தனை வருஷமாக வாயாலேயே பிழைத்தவள் நான், ஒரு வார்த்தை வரவில்லை. எதிர்வீட்டுக் கிழவி கும்பிடுகிறாள், சந்தையில் பாட்டுப் பாடுகிறார்கள், அங்கே அவன் அவளை அடிக்கிறான்.

"ஆன்ட்டி, அது பேய் இல்ல," என்றேன் கடைசியில். "அவன் பொண்டாட்டி. உயிரோட இருக்கா."

பூன் ஆன்ட்டி என்னை அண்ணாந்து பார்த்தாள். அந்தக் கண்ணாடியில்தான் ஒன்றும் தெரியாதே என்று கேட்டாள், பாவம். ராத்திரியில் விளக்கைப் போட்டால் தெரியும் என்று சொல்லிக்கொண்டே நான் ஓடினேன்.

கேட்டை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினேன். காலால் உதைத்தேன். எனக்கு என்னென்ன கெட்ட வார்த்தை தெரியுமோ அத்தனையும் அந்தத் தெருவில் அன்றைக்குக் கொட்டிவிட்டேன். ஹோன் மெங் வேனின் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. கூத்துச் சத்தத்தையும் மீறி வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு ஆட்கள் வந்தார்கள். மாடியில் விளக்கு அணைந்தது.

கொஞ்ச நேரத்தில் யாப் கீழே இறங்கி வந்தான். தலையை வாரியிருந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், இறங்கி வருவதற்கு முன்னால் நின்று தலையை வாரியிருக்கிறான்.

"என்ன சிஸ்டர், பிலிம்ல ஏதாவது பிரச்சனையா?"

"மேல இருக்கிற உன் பொண்டாட்டியக் கீழ கூப்பிடு."

"அவ ஊருக்குப் போயிருக்கா. வீட்டுல யாரும் இல்ல."

"நீ அடிச்சத நான் பாத்தேன்டா. இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்."

அவன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். எப்படிப் பார்த்திருக்க முடியும், அந்தக் கண்ணாடியில் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது என்று எனக்கு விற்றதே இந்த அம்மாதான், இங்கேயே நடுத்தெருவில் நிறுத்திக் காட்டியதும் இவங்கதான் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். பேய் மாதம் பாருங்கள், எதிர்வீட்டு ஆன்ட்டிக்குத்தான் ஏதேதோ தெரிகிறது என்றால் இவங்களுக்குமா என்றான். நாலு பேர் சிரித்தார்கள். உண்மைதானே. பகல் முழுக்க அந்த ஜன்னலில் தங்கள் மூஞ்சியைத்தானே இந்தத் தெருவே பார்த்திருக்கிறது. என்னை நம்புவார்களா, தங்கள் கண்ணை நம்புவார்களா?

அவனுக்கு அது போதவில்லை. ஜெயித்துக் காட்டவேண்டும் என்று நினைத்தான். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து அவனே கேட்டைத் திறந்தான். போர்ட்டிகோக் கூரைக்கு அடியிலிருந்து நடந்து தெருவின் நடுவில் வந்து நின்று, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, கையை மட்டும் பின்னால் நீட்டினான். எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள், என்ன தெரிகிறது என்று கேட்டான்.

எல்லாரும் பார்த்தோம். இருட்டு ஜன்னல். ஒன்றும் தெரியவில்லை.

விளக்கு எரிந்தது.

லாய் குவான் நின்றாள். மூக்கிலிருந்து இறங்கிய ரத்தம் வெள்ளை உடுப்பின் கழுத்து வரைக்கும் வந்திருந்தது. எங்களைப் பார்க்காமல், நேராகத் தன் முன்னால் எதையோ பார்த்தபடி, ஒரு கையை விளக்குச் சுவிட்சிலேயே வைத்துக்கொண்டு மறு கையை மெதுவாக ஆட்டினாள். சிரித்தவர்களின் வாய் அப்படியே திறந்தபடி நின்றது. ஒரு பெண் தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள்.

யாப் எங்கள் முகங்களைப் பார்த்தான். பிறகு திரும்பி அண்ணாந்து பார்த்தான். தன் படுக்கையறை ராத்திரியில் தெருவிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறான். அலமாரி மேல் அவன் கழற்றி வைத்த கடிகாரம்கூடத் தெரிந்தது. அவன் முகம் வெளிறிப்போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சொன்னால் சொல்லிவிட்டுப் போங்கள், எனக்கு அது ஆனந்தமாக இருந்தது.

வீட்டுக்குள் ஓடப் பார்த்தான். கேட்டில் ஹோன் மெங் நின்றார். இரண்டு கையையும் இரண்டு பக்கத் தூணிலும் ஊன்றி, குறுக்கே நின்றார். பேய்க்குப் பயப்படுகிற என் புருஷன் அவனுக்குப் பயப்படவில்லை. அதற்குள் நாலு ஆண்கள் யாப்பைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ போலீசுக்குப் போன் போட்டார்கள்.

மாடிக்கு ஏறியது பூன் ஆன்ட்டி. அந்த பிலிம் ஒட்டிய வீட்டு வாசலைக்கூட மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தவள், கையில் இருந்த ஊதுவத்தியைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் அப்படியே உள்ளே போனாள். திரும்பி வரும்போது லாய் குவானின் இடுப்பை அணைத்துப் பிடித்திருந்தாள். படுக்கையறைக் கதவு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்ததாம். காலையில் வேலைக்குப் போகும்போது போட்டு, சாயங்காலம் வந்து திறப்பானாம். அவள் போனையும் பிடுங்கி வைத்துக்கொண்டானாம்.

போலீஸ் வண்டி வரும்வரை அவளைப் பூன் ஆன்ட்டியின் வாசலில் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்தோம். ஆன்ட்டி தன் கம்பளிச் சட்டையைப் போர்த்திவிட்டாள். நான் ஈரத்துணியால் அவள் மூக்கைத் துடைத்தேன். அவள் அழவில்லை. எங்கள் தலைக்கு மேல் எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடியில் விளக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. காலி அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு தெளிவாவா தெரியும்?" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"எனக்கு என் மூஞ்சி மட்டும்தான் தெரிஞ்சுது அக்கா. வெளிய யாருக்காவது தெரியுதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும். நீங்க சொன்னீங்களேன்னுதான் தினமும் லைட்டப் போட்டேன். திரையத் துவைக்கணும்னு கழட்டி, தொலைச்சுட்டேன்னு சொல்லிட்டேன்."

நான் பேச்சுவாக்கில் சொன்னது. ஒரு கையில் ரப்பர் கட்டையை வைத்துக்கொண்டு, அர டவுசர் கதையோடு சேர்த்துச் சொன்னது. அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு இவள் இத்தனை நாள் அந்த ஜன்னலில் நின்றிருக்கிறாள்.

அவள் பூன் ஆன்ட்டி பக்கம் திரும்பினாள்.

"ஒரு தடவ லைட்ட அணைச்சிட்டுப் பாத்தேன் ஆன்ட்டி. அணைச்சா உள்ளேருந்து தெரியும்ல. நீங்க என்னையே பாத்துக்கிட்டு நின்னீங்க. சரி, பாத்துட்டாங்கன்னு நினைச்சேன். நீங்க கும்பிட்டீங்க. அடுத்த நாளும் பாத்தேன், அப்பவும் கும்பிட்டீங்க. ஏன் ஆன்ட்டி கும்பிட்டீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டாள். அது இன்னும் தாங்க முடியாமல் இருந்தது. பூன் ஆன்ட்டியின் வாய் கோணியது. அத்தனை பெரிய குரல், காற்று மாதிரிதான் வெளியே வந்தது.

"நீ செத்துட்டேன்னு நினைச்சேன்ம்மா. அந்தச் சோறெல்லாம் உனக்குத்தான் வச்சேன்."

லாய் குவான் சாலை ஓரத்துக் கிண்ணத்தைப் பார்த்தாள். ஆறிப்போன சோறு, அவித்த கோழி, ஆரஞ்சுப் பழங்கள்.

"இன்னிக்கு நான் ஒண்ணும் சாப்பிடல ஆன்ட்டி," என்றாள்.

பூன் ஆன்ட்டி எழுந்து உள்ளே போனாள். அடுப்புப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது.